டேலியா நட்ட காலை

மணலுக்குள் கையை விட்டுத் துழாவியபோது அகப்பட்டது கிழங்கா, பெட்டியின் அடிப்பலகையில் இருக்கும் முடிச்சா என்று சௌந்தரத்துக்கு உடனே தெரியவில்லை. இரண்டும் ஒரே குளிராகத்தான் இருந்தன. இழுத்தாள், வந்தது. கிழங்குதான். பழைய தண்டைச் சுற்றிக் குலையாகத் தொங்கியது, ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும். தண்டு மார்கழியின் உறைபனியில் கருகிப்போய், அன்றைக்கு அவள் அரிவாளால் நறுக்கிவிட்ட இடத்தில் காய்ந்து, அடுப்பு ஊதுகிற குழல் மாதிரி உள்ளே ஓட்டையாக இருந்தது. மணலைத் தட்டி மடியில் போட்டுக்கொண்டு கண் தேடினாள். டேலியாவுக்குக் கிழங்கின் மேல் கண் இருக்காது. கிழங்கும் தண்டும் சேருகிற கழுத்தில்தான் இருக்கும். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது, வேனல் கட்டி கிளம்புகிறபோது தோல் சிவந்து உப்புமே, அப்படி. கண்ணோடு சேர்த்து வெட்டினால் முளைக்கும். கண்ணில்லாமல் வெட்டினால் எவ்வளவு பெரிய கிழங்கானாலும் மண்ணுக்குள் சும்மா கிடந்து அழுகும். கத்தியை வைத்தாள். சரக்கென்று இறங்கியது, உருளைக்கிழங்கை வெட்டுகிற சத்தம்தான். மேலே வீட்டுக்குள் யாரோ சூட்கேஸை இழுக்கிற சத்தம். சக்கரம் போன சூட்கேஸ், மகன் லோகு வாங்கினது. அதிலா எடுத்து வைக்கிறாள்? வேறு இருக்கிறதே, அவளுடைய அண்ணன் புதிதாக வாங்கி வந்த நீலப் பெட்டி இருக்கிறதே. இருக்கட்டும், எதில் வைத்தால் என்ன. இன்றைக்கு யமுனா போகிறாள். லோகுவின் பெண்டாட்டி யமுனா. லோகு போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. நாளைக்கு விடியக்காலம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோயிலில் தனபால் என்கிறவனுக்குக் கழுத்தை நீட்டப்போகிறாள். தனபால், எலக்ட்ரிக் சாமான் கடை, நெற்றி கொஞ்சம் ஏறின ஆள், பேசுகிறபோது எதிராளியின் காலைப் பார்த்துப் பேசுவான், நல்ல மாதிரி. சௌந்தரம் வெட்டின துண்டைச் சாம்பலில் புரட்டிச் சாக்கின் மேல் வைத்தாள். அடுத்த துண்டை எடுத்தாள். எனக்கு ஏன் ஒன்றுமே இல்லை என்று நினைத்தாள். ஏதாவது இருக்க வேண்டுமே. வயிற்றில் பிசையவாவது வேண்டுமே. பசிகூட இல்லை. காலையில் காபி குடித்தோமா? குடித்த மாதிரிதான் இருக்கிறது, டம்ளரைக் கழுவியது ஞாபகம் இருக்கிறது.

மேலிருந்து படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மருதாசலம். நாற்பது வருஷம் கூட இருந்த மனிதனின் செருப்புச் சத்தம் எது என்று கேட்டா தெரிய வேண்டும்? ஊட்டிக்கு வந்தும் கோயமுத்தூர்க்காரன் மாதிரியே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். பாதிப் படியிலேயே நின்று, "சௌந்தரம், நீ இன்னும் இங்கயா இருக்கறே? வண்டி கழுவிட்டு இருக்கறாங்க. மேல வா" என்றார். "கண்ணு வந்துருச்சுங்க" என்றாள். அவர் ஒரு கணம் மிரண்டு பார்த்தார். "கிழங்குல" என்றாள். "இன்னிக்கே நட்டாகோணும். விட்டா நீண்டு ஒடிஞ்சு போயிரும்." "நாளைக்கு நட்டா ஆகாதா?" "நாளைக்கும் நடறதுக்கு இருக்குதுங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்க முடியாது." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதிருக்கிறார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார், அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கும் குளிக்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும். அழத் தெரிந்த மனிதர். சாவு வீட்டிலும் அழுவார், சீமந்தத்திலும் அழுவார், ரிட்டையர் ஆன அன்று மாலையும் கழுத்துமாய் பிலிம் பேக்டரி வாசலில் நின்று அழுதார். லோகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். லோகு எப்படிச் சிரிப்பான்? பல் தெரியும். சத்தம்? சத்தம் வரவில்லை. மறுபடி நினைத்துப் பார்த்தாள். பல் தெரிந்தது, தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் யாரோ துடைத்துவிட்ட மாதிரி இல்லை. "என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டு மருதாசலம் ஏறிப் போனார். கோபமில்லை. அவளிடம் கோபித்துக்கொள்ள அவருக்குப் பயம், அன்றையிலிருந்து.

அன்றைக்கும் வீட்டுக்குக் கீழே சரிவில் வெட்டின இதே தட்டில்தான் நின்றாள். ஆடிக் காற்று. டேலியா எல்லாம் ஆள் மார்பு உயரம் வளர்ந்து, தலை கனத்து, தட்டுத் தட்டாகப் பூத்து நின்றது. காற்று அடித்தால் தண்டு முறிந்துவிடும். குச்சியோடு சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டிக்கொண்டு இருந்தாள். கீழே மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடோடு போன லோகு காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிற வழியில், மலைப்பாதையில் ஒரு கற்பூர மரம் வேரோடு சாய்ந்து வண்டியின் முன்பக்கத்தின் மேல் விழுந்துவிட்டது. பின்னால் இருந்த பையனுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். இதைச் சொன்னது மேல்வீட்டு ராபர்ட் சார். குடையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலே மருதாசலம் போட்ட சத்தம் கேட்டது, மாடு கத்துகிற மாதிரி. யமுனாவின் சத்தம் கேட்கவில்லை. எல்லோரும் மேலே ஓடினார்கள். சௌந்தரம் திரும்பி, கட்டாமல் மிச்சம் இருந்த செடிகளைக் கட்டினாள். இதுதான். இங்கேதான் எப்போதும் வந்து சிக்கிக்கொள்கிறது. ஏன் கட்டினாள்? கட்டினது அவள்தானா? கை கட்டியது. முதலில் குச்சியைச் சுற்றி ஒரு முடிச்சு, அப்புறம் தண்டைச் சுற்றித் தளர்வாய் ஒரு முடிச்சு, இறுக்கினால் தண்டு வெட்டுப்படும். தளர்வாய்க் கட்ட வேண்டும் என்பதுகூட அப்போது ஞாபகம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஊர் பேசியது. அதிர்ச்சி, பாவம் என்று சிலர். கல்லு நெஞ்சு என்று சிலர். ராபர்ட் சாரின் சம்சாரம் இப்போதும் அவளைப் பார்த்தால் கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள், காது கேட்காதவளிடம் பேசுகிற மாதிரி. அவர்களை விடு. உனக்குத் தெரியுமா ஏன் என்று? தெரியாது. அந்தச் செடிகளைக் கட்டாமல் மேலே போயிருந்தால் அது நடந்ததாகிவிடும் என்று நினைத்தாளா? அப்படி நினைத்ததாக ஞாபகம் இல்லை. ஒன்றுமே நினைக்கவில்லை. அந்தப் பூ என்ன நிறம் என்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. மஞ்சள். ஓரத்தில் கொஞ்சம் செம்மண் தெறித்தது. பூவைத் துடைத்தாள்கூட. புடவைத் தலைப்பால் துடைத்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கிழங்கில் கண்ணே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி வேறு மேலே மேஜையில் இருக்கிறது. வெயிலுக்கு நேராய்ப் பிடித்துப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை. ஓரமாய் எறிந்தாள், உடனே எழுந்து போய் எடுத்து, பன்றி வரும் என்று சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்தாள். முள்ளம்பன்றிக்கு இந்த வாசம் மேல்தட்டு வரைக்கும் தெரியும். போன வருஷம் ஒரே ராத்திரியில் ஒரு பாத்தியைத் தோண்டி மென்று போட்டுவிட்டது. காலையில் யமுனாதான் முதலில் பார்த்தாள். குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு, "அத்தை, அதுக்கும் பசிக்குமில்லீங்க" என்றாள். அந்தப் பிள்ளை அப்படித்தான் பேசும். அம்மா அப்பா இல்லாமல் அண்ணன் சம்பத் வீட்டில் வளர்ந்த பிள்ளை, யாருக்குப் பசிக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். லோகு போன பிறகு சம்பத் வந்து கூப்பிட்டான். போகவில்லை. இங்கேயே நர்சரி ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போய் மத்தியானம் வந்துவிடுவாள். வந்து சாப்பிட்டுவிட்டு உள்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சமையலறைக்கும் அந்த ரூமுக்கும் நடுவே இருப்பது பலகைச் சுவர், அந்தக் காலத்து வீடு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நிற்கிறவள் வாயில் சாமி பேர் வரும். கதவு சாத்தினதும் கொஞ்ச நேரத்தில் லோகுவின் குரல் வரும். போனில் எப்போதோ பேசி அனுப்பினது. ஒருதரம். மறுபடி ஒருதரம். சௌந்தரம் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு நிற்பாள். வார்த்தை கேட்காது, பலகை விழுங்கிவிடும். ராகம் மட்டும் வரும். கொஞ்ச நேரம் ஒரே மட்டத்தில் போய், கடைசியில் மேலே ஏறி நிற்கும். ஏதோ கேட்கிறான். என்ன கேட்கிறான்? ரசம் இருக்கா என்று கேட்கிறானா? கரெண்ட் பில் கட்டியாச்சா என்றா? என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறானா? அம்மா என்ன பண்ணுது? அப்படிக் கேட்க இடமிருக்கிறது. தினமும் அவன் கேட்டான். தினமும் அவள் பதில் தெரியாமல் கையில் சாம்பலோடு நின்றாள். கேட்கலாம். கதவைத் தட்டி, கண்ணு, என்ன சொல்றான் அவன், நானும் ஒருக்கா கேக்கட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தப் பிள்ளை வெட்கப்படும், இனிமேல் ரகசியமாய்க் கேட்கும், அப்புறம் ராகமும் போய்விடும் என்று கேட்கவில்லை.

போன ஐப்பசியில் அது நின்றது. முதல் நாள், தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். மறுநாளும் இல்லை. கதவு சாத்தியிருந்தது, உள்ளே நடமாடுகிற சத்தம், ஜன்னலைத் திறக்கிற சத்தம், அப்புறம் ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முனகுகிற சத்தம். முனகிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள், திருடினவள் மாதிரி. சௌந்தரம் அந்தப் பக்கம் ஈரக் கையோடு நின்றாள். அன்று சாயங்காலமே மருதாசலத்திடம், "யமுனாவுக்கு ஒரு இடம் பாக்கோணுங்க" என்றாள். அவருக்குப் புரியவே இல்லை. "என்ன இடம்? வீடா?" "மாப்பிள்ளை." அவர் எழுந்து நின்றுவிட்டார். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அது நம்ம லோகு பொண்டாட்டி." "லோகு இல்லீங்களே." இதை அவள் வாய்தான் சொன்னது. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை, நாக்கு சுடவில்லை. உப்பு இல்லீங்களே என்று சொல்கிற மாதிரி வந்தது. அவர்தான் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் சம்பத்துக்குப் போன் போட்டதும் அவர்தான், ஜாதகத்தை எடுத்துக்கொண்டு உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் அலைந்ததும் அவர்தான். யமுனாவிடம் பேசினது சௌந்தரம். இட்லிக்கு அரைத்துக்கொண்டே சொன்னாள். யமுனா கிரைண்டரை நிறுத்தினாள். "நான் இங்க இருக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குதுங்களா அத்தை?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை கண்ணு, நீ இல்லாமல் எனக்கு ஏது என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சௌந்தரம், "மாவு அடில தங்கிரும், போடு" என்றாள். கிரைண்டர் மறுபடி ஓடியது. அந்தப் பிள்ளை அதை என்னவென்று எடுத்துக்கொண்டதோ. துரத்துகிறாள் என்றா? இன்றுவரை அது தெரியவில்லை. இன்றோடு தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

துண்டுகள் சாக்கு முழுக்கப் பரவிக் கிடந்தன. முதலில் வெட்டினவற்றின் வெட்டுவாய் காய்ந்து தோல் போட ஆரம்பித்துவிட்டது. கடப்பாரையை எடுத்துக் குழி போட்டாள். மேல்மண் பொலபொலவென்று வந்தது, அடியில் இறுகல். எருவும் எலும்புத்தூளும் அள்ளிப் போட்டுக் கலக்கினாள். குச்சியை முதலில் நட வேண்டும், கிழங்கு அப்புறம். கிழங்கை வைத்து மூடிவிட்டு அப்புறம் குச்சி அடித்தால் கண்ணைக் குத்திவிடும், மேலே நிற்கிறவளுக்குத் தெரியாது. குச்சியை அடித்தாள். கிழங்கைப் படுக்கவைத்துக் கண்ணை மேலே பார்க்கத் திருப்பி மண்ணைத் தள்ளினாள். தண்ணீர் ஊற்றக் கூடாது, முளை தெரிகிற வரைக்கும். எது என்ன நிறம் என்று தெரியாது. எழுதி வைத்த அட்டையெல்லாம் மழையில் ஊறிப்போய் வெற்று அட்டையாகிவிட்டன. யமுனாவுக்குப் பிடித்தது அந்தக் கருஞ்சிவப்பு, கிட்டத்தட்டக் கருப்பு. அது இதில் எங்கோ இருக்கிறது. ஆனியில் பூக்கிறபோது தெரியும். ஆனியில் யமுனா எங்கே இருப்பாள், அந்தக் கடைக்கு மேலே இருக்கிற வீட்டில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு. தனபாலின் அம்மாவை அத்தை என்று கூப்பிடுவாள். கூப்பிட வேண்டியதுதானே. அப்போது என்னை என்னவென்று கூப்பிடுவாள்? எங்காவது ஒரு கல்யாணத்தில், ஜவுளிக்கடையில் எதிரெதிரே பார்த்துவிட்டால்? அந்தக் கணத்தில் வாயைத் திறப்பாளே, என்ன வரும்? அத்தை என்று வந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவள் திரும்பிப் பார்ப்பாள். அம்மா என்றால் அது ஊரில் எல்லோரையும் கூப்பிடுவது. பார்க்காத மாதிரி போய்விடுவது நல்லது. நான் போய்விடுவேன், துணியை விலை கேட்கிற மாதிரி திரும்பிக்கொள்வேன். இதை இப்போதே தீர்மானம் பண்ணிவிட்டால் அப்போது திகைக்க வேண்டாம். இப்படி நினைத்துக்கொண்டே இரண்டாவது குழிக்குள் கிழங்கைத் தலைகீழாய் வைத்துவிட்டது தெரிந்து, தோண்டி எடுத்துத் திருப்பி வைத்தாள்.

இன்றைக்கே நட வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை. மருதாசலம் சொன்னது சரிதான், நாளைக்கு நட்டால் ஒன்றும் ஆகாது, ஒரு வாரம் போனால்கூட ஒன்றும் ஆகாது. நேற்று சாயங்காலம் சம்பத்தும் அவன் பெண்டாட்டி கிருஷ்ணவேணியும் வண்டி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கிருஷ்ணவேணி கெட்டவள் இல்லை. பலகாரம் சுட்டு எடுத்து வந்திருந்தாள், சௌந்தரத்துக்கென்று தனியாகச் சர்க்கரை போடாமல். சமையலறையில் வந்து நின்று கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்க சித்தி" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்தபோதே சௌந்தரத்துக்குத் தெரிந்துவிட்டது. "கல்யாணத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வர்றதா இல்லைன்னு சித்தப்பா சொன்னாரு. அதும் ஒரு வகைக்கு நல்லதுதானுங்க. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க அந்தக் காலத்து ஆளுங்க. அப்பறம்... நாளைக்கு வண்டி கெளம்பறப்பவும்... நீங்க மொதல்ல எதுக்க நின்னா... உங்களுக்கும் மனசு கஷ்டம், பொண்ணுக்கும் கஷ்டம். நல்ல காரியத்துக்குப் போறா பாருங்க. நீங்க உள்ளாற இருந்துட்டா..." மீதியை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. பிள்ளையைச் சாகக் கொடுத்த முகம். அந்தப் பிள்ளையின் பெண்டாட்டி இன்னொருவனிடம் போகிறபோது அந்த முகம் எதிரே வரக் கூடாது. சௌந்தரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு நாளைக்குக் கீழ வேலை இருக்குது அம்மிணி, கிழங்கு நடோணும்" என்றாள். கிருஷ்ணவேணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சௌந்தரத்துக்குக் கையை எடுக்கவும் தோன்றவில்லை, திருப்பிப் பிடிக்கவும் தோன்றவில்லை. கிருஷ்ணவேணியின் வளையல் குளிர்ச்சியாக இருந்தது. அவமானமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பல் பிடுங்கின இடத்தை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி தொட்டுப் பார்த்தாள். மரத்துக் கிடந்தது. சரி, கீழே வேலை இருக்கிறது, வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டதும் எழுந்து மேலே போகலாம். போய் அந்த ரூமைப் பெருக்கலாம். அப்புறம்? அப்புறம் சோறு வடிக்கலாம். இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது மறந்தே போய்விட்டது.

"அத்தை." நிமிர்ந்தபோது யமுனா படியின் அடியில் நின்றாள். அரக்குப் புடவை, தலை நிறைய மல்லி. கீழே பள்ளத்திலிருந்து வந்த மல்லி, ஊட்டிக் குளிருக்கு முழுசாய் விரியவில்லை. இரண்டு வருஷமாய்ப் பூ வைக்காத தலையில் அதைப் பார்த்ததும் வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள் சௌந்தரம். "இங்க எதுக்கு வந்தே? புடவை சேறாகும்" என்றாள். யமுனா புடவையைப் பார்க்கவே இல்லை. நேரே வந்து சாக்கின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "இதுல கறுப்புச் செகப்பு எதுங்க?" "தெரியலியே. பூத்தாத்தான் தெரியும்." "ஒண்ணு குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்." சௌந்தரம் தலையை ஆட்டினாள். "வராது கண்ணு. அங்க வெக்கை. எலை எலையா வளரும், பூக்காது, வாடி நிக்கும். அதையப் பாத்துட்டு நீ வருத்தப்பட்டுட்டு இருப்பே. அங்க என்ன நல்லா வருதோ அதைய வெய்யி." யமுனா சாம்பல் பூசின துண்டுகளைப் பார்த்தாள். மேலேயிருந்து கிருஷ்ணவேணி, "யமுனா, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள். "அத்தை, எந்திரிங்க. கை கழுவுங்க. வண்டி கெளம்பறப்ப நீங்கதான் எதுக்க வரோணும். கொடத்துல தண்ணி மோந்து வாசல்ல வெச்சிருக்கறேன்." சௌந்தரம் கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். "அதெல்லாம் வேண்டாம் கண்ணு. வேலை கெடக்குது. உங்க அண்ணி வரட்டும் எதுக்க." "அண்ணி நேத்து உங்ககிட்ட என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க." "அவ ஒண்ணும் சொல்லலையே." "பலகைச் செவுரு அத்தை. எல்லாம் கேக்கும். உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றாள் யமுனா, முகத்தைப் பார்த்து.

எல்லாம் கேட்கும். உங்களுக்குத் தெரியாததா. அப்படியானால் இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் நின்றது தெரிந்திருக்கிறது. துலக்குகிற சத்தம் நிற்பது கேட்டிருக்கும், கேட்காமல் எப்படி? தெரிந்துதான் தினமும் வைத்தாளா? ஒருதரம் தனக்கு, மறுபடி ஒருதரம் எனக்கா? அப்படியானால் நிறுத்தினது, நான் கேட்டுக் கேட்டு அங்கேயே நின்றுவிடுகிறேன் என்றா? இல்லை, அவளுக்கே போதும் என்று ஆகிவிட்டதா? எதுவாக இருந்தாலும் இப்போது கேட்டுவிடலாம். இதுதான் சமயம், இதற்கப்புறம் இல்லை. கண்ணு, அவன் கடைசியில் ஏதோ கேட்கிறானே, அது என்ன? அவ்வளவுதான். நாக்கு நுனியில் நின்றது. யமுனாவின் காதோரம் ஒரு மல்லிக் காம்பு பிரிந்து தொங்கிக்கொண்டு இருந்தது, இன்றைக்கு ஒரு நாள் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கிப் போக வேண்டிய பிள்ளை. சௌந்தரம் வாயைத் திறந்தாள். "வாந்தி மாத்திரை போட்டியா?" என்றாள். "வளைவுல உனக்கு ஆகாதே." யமுனாவின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "போட்டுட்டனுங்க" என்றாள். "நீங்க வராட்டி நான் வண்டி ஏற மாட்டேன்னு அண்ணிகிட்டச் சொல்லிட்டேன். மாமாகிட்டயும் சொல்லிட்டேன். என்னை வளர்த்தவங்க கட்டிக் குடுத்தாங்க, சரி. இப்ப கட்டிக் குடுக்கறது நீங்க. நீங்க வராம நான் எப்படிப் போறது?" அவள் எழுந்து நின்று கையை நீட்டினாள். சௌந்தரம் தன் கையைப் பார்த்தாள், நகமெல்லாம் சேறு, மேலே சாம்பல். யமுனா அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

வாசல் குழாயில் கை கழுவினாள். முகத்தையும் கழுவினாள். கிருஷ்ணவேணி குங்குமச் சிமிழை நீட்டினாள். அவள் முகம் சிவந்திருந்தது. சௌந்தரம் இட்டுக்கொண்டாள், "பலகாரம் நல்லா இருந்துச்சு அம்மிணி" என்றாள், கிருஷ்ணவேணிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்ததால். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி ரோட்டுக்குப் போனாள். ரோட்டில் பெரிய வெயில். குளிர் விட்ட மாதிரியும் இருந்தது, விடாத மாதிரியும் இருந்தது. கொஞ்ச தூரம் முன்னால் போய் நின்று, திரும்பி, வண்டியைப் பார்த்து நடந்து வர வேண்டும், அதுதான் முறை. போய்த் திரும்பினாள். வண்டி உறுமிக்கொண்டு இருந்தது. முன் சீட்டில் யமுனா. கண்ணாடிக்குப் பின்னால் அரக்கு நிறம் மட்டும் தெரிந்தது, முகத்தில் வானம் விழுந்திருந்தது. சௌந்தரம் நடந்தாள். வண்டி நகர்ந்தது. பக்கத்தில் வருகிறபோது ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. யமுனா கையை வெளியே நீட்டிக் குடத்தின் வாயைத் தொட்டாள். "போயிட்டு வர்றனுங்க அத்தை." எதிரே வருகிறவர்கள் நிற்கக் கூடாது. சௌந்தரம் நிற்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், ஆட்டினதை அந்தப் பிள்ளை பார்த்ததோ இல்லையோ. வீட்டுப் படி ரோட்டில் முடிகிற இடத்தில் மருதாசலம் மேல்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அவரையும் தாண்டி நடந்தாள். பின்னால் வளைவில் வண்டி ஹாரன் அடித்தது, திரும்பியது, சத்தம் மெலிந்தது, மறுபடி கீழ் வளைவிலிருந்து கொஞ்சம் கேட்டது, அப்புறம் இல்லை. அவள் நடந்துகொண்டே இருந்தாள். எதிரே வரச் சொன்னார்கள், எங்கே நிற்பது என்று யாரும் சொல்லவில்லை. சர்ச் சுவரைத் தாண்டினாள், டீக்கடையைத் தாண்டினாள். குடத்தில் தண்ணீர் தளும்பிப் புடவையின் ஒரு பக்கமெல்லாம் நனைந்துவிட்டது. பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ ஓடி வருகிற சத்தம். "சௌந்தரம், எங்க போறே? நில்லு, சித்த நில்லு."

கேரட் கழுவுகிற இடத்துக்கு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்தாள். குடத்தைப் பார்த்து நின்றாள். "ஏனுங்க்கா, உங்க பக்கம் தண்ணி வரலீங்களா? இத்தனை தூரம் வந்திருக்கறீங்க?" சௌந்தரம் நின்றாள். அந்தப் பெண்ணின் முகம் தெரியாத முகம். "தண்ணிக்கு இல்லீங்க" என்றாள். "எங்க வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்குக் கெளம்பிப் போகுது. எதுக்க வந்தேன்." சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் அங்கேயே ரோட்டின் மேல் நின்றன. எங்க வீட்டுப் பொண்ணு என்று சொன்னது யார்? அந்தப் பெண் முகமெல்லாம் மலர்ந்து, "அப்படீங்களா, நல்லதுங்க்கா, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சகுனத்துக்குக் குடத்தண்ணீரில் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். சௌந்தரம் ரோட்டை விட்டு விலகினாள். ஓரத்தில் இருந்த சிறுபாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மருதாசலம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். குடத்தை வாங்கக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. கேரட் மூட்டை ஏற்றின லாரி ஒன்று அவர்களைக் கடந்து கீழே போனது. அதன் புகை அடங்கியது. "முகூர்த்தம் எந்நேரத்துக்குங்க?" என்றாள். "வெடியறப்ப" என்றார். "அந்நேரத்துக்கு என்னைய எழுப்பி உடுங்க" என்றாள் சௌந்தரம். "நான் முழிச்சிட்டு இருக்கோணும்."